"அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள், எனக்கு அம்மா இல்லை"

கேள்வி: நானும் கணவரும் ஆறு வருடமாக வெளிநாட்டில் கிறிஸ்தவ ஊழியம் செய்கிறோம். எங்களுக்கு 13 வயதில் மகள், 9 வயதில் மகன். நான்கு வருடத்துக்கு முன், நல்ல பள்ளிக்கூடம் இல்லாத ஒரு மலைக்கிராமத்திலிருந்து மூன்று பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்து படிக்கவைக்கத் தொடங்கினோம். பிறகு ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தாய் இல்லை, தகப்பன் எங்கே என்று தெரியவில்லை, ஊரில் பாட்டி மட்டும் இருக்கிறார். எல்லோருக்கும் நானே வீட்டில் ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறேன். அந்தத் தம்பிக்கு 7 வயது. ரொட்டியை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். கேட்டால் இல்லை என்று சாதிக்கிறான். திருட்டை இப்போதே கண்டிக்க வேண்டும் என்கிறார் கணவர். போன மாதம் இன்னொரு பையனின் அம்மா பார்க்க வந்தார். அவன் என்னை "அம்மா" என்று கூப்பிட்டதைக் கேட்டு அழுதுகொண்டே போய்விட்டார். அவனும் ஊருக்குப் போகமாட்டேன் என்கிறான். இதற்கிடையில் அலமாரியை அடுக்கும்போது என் மகளின் நோட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது: "அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். எனக்கு அம்மா இல்லை." அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த வருடம் ஆறு மாத விடுப்பில் ஊருக்குப் போக வேண்டும். எங்களைத் தாங்கும் சபையோ, இருபது பிள்ளைகள் தங்கும் இல்லம் கட்டித் தருகிறோம் என்கிறது. பாரத்தோடு தொடங்கியதுதான் இது. எங்கே தவறினோம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவை பல. அந்த நோட்டில் இருந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

அதைப் படித்துவிட்டதை மகளிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துக்கொண்டு திடீரென்று கூடுதலாகக் கொஞ்சினால், அம்மா நோட்டைப் பார்த்துவிட்டாள் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவாள். அதன்பிறகு எழுதுவதையும் நிறுத்திவிடுவாள். "அலமாரியை அடுக்கும்போது பட்டது. வேறு பக்கம் எதையும் புரட்டவில்லை. நீ எழுதியது சரிதான். எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது உனக்கு?" இவ்வளவு போதும். அவள் அழலாம், கோபப்படலாம், ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போகலாம். போனால் போகட்டும், மறுநாளும் பக்கத்தில் போய் உட்காருங்கள். "அந்தப் பிள்ளைகளுக்கு யாருமே இல்லையே, நீ கொடுத்துவைத்தவள் அல்லவா" என்ற பேச்சு மட்டும் உங்கள் வாயில் வரக் கூடாது.

ஊழியக்காரர் வீட்டில் வளர்ந்தவர்கள் பலர் பெரியவர்களான பிறகு என்னிடம் பேச வந்திருக்கிறார்கள். பணக் கஷ்டத்தை அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். குறை சொல்ல வாய் இல்லாமல் போனதைச் சொல்லும்போதுதான் குரல் தழுதழுக்கும். அப்பா கடவுளின் வேலை செய்கிறார், அம்மா கடவுள் அனுப்பிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். இதில் "எனக்கும் கொஞ்ச நேரம் கொடு" என்று கேட்டால் யாரிடமிருந்து பிடுங்குவதாக ஆகும்? உங்கள் மகள் இதை நோட்டிலாவது எழுதினாள். உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி அவன் வயதைத் தவிர ஒன்றும் இல்லை. அவனையும் கொஞ்சம் கவனியுங்கள்.

1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய வந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், பெற்றோரின் வேலைக்காக அயல்நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு "மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்" என்று பெயர் வைத்தார். பெற்றோரின் நாடும் முழுதாகச் சொந்தமில்லை, வளரும் நாடும் முழுதாகச் சொந்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை. உங்கள் மகள் ஏழு வயதில் தாத்தா பாட்டியை, தோழிகளை, தெருவில் பேசிய மொழியை விட்டு வந்தவள். அவளுக்கு மாறாமல் இருந்தது நீங்களும் உங்கள் வீடும்தான். ஒன்பது வயதில் அந்த வீட்டையும் பங்கு வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு அவளிடம் சம்மதம் கேட்டீர்களா?

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி. 1901-இல் ஒரு சிறுமி கோவிலிலிருந்து தப்பி, அயர்லாந்திலிருந்து வந்திருந்த மிஷனெரி எமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் அவர் நடத்திய பிள்ளைகள் பணி அங்கிருந்துதான் தொடங்கியது. அதே 1901-இல்தான் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனெரிகள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்காக விடுதிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். பிறர் பிள்ளையை அணைத்துக்கொண்டதும் பெற்ற பிள்ளையை மலைக்கு அனுப்பியதும் ஒரே காலத்து வரலாறு. டோனாவூரை மனத்தில் வைத்துக்கொண்டு உங்களை அளக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து நினைக்கிறேன். எமி கார்மைக்கேல் மணம் செய்துகொள்ளாதவர். வீட்டின் ஒரு மூலையில் நோட்டை மறைத்துவைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்த 13 வயது மகள் அவருக்கு இல்லை.

ஆகவே சில காரியங்களை இந்த வாரமே செய்யுங்கள். மகளுக்குத் தனி அறை கொடுக்க முடியாவிட்டால் ஒரு மூலையைத் திரை போட்டுப் பிரித்துக் கொடுங்கள். பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டியும் கொடுங்கள். வேறு யார் கையும் அதில் படக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நீங்களும் அவளும் மட்டும் வீட்டைவிட்டு வெளியே போங்கள். வீட்டுக்குள் அது நடக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் தட்டுவார்கள். சிறியவர்களுக்குப் பாடம் சொல்லித்தருவது, தலைசீவி விடுவது என்று அவள் மேல் நீங்கள் வைத்திருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதியையாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் இதே போல் வாரத்தில் ஒரு வேளை வேண்டும்.

இனி அந்த ஏழு வயதுப் பையன். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இது திருட்டு அல்ல. பசியை உடம்பு மறக்க வெகுகாலம் பிடிக்கும். மேசையில் மூன்று வேளையும் சாப்பாடு வருவதை அவன் கண் பார்க்கிறது, வயிறு இன்னும் நம்பவில்லை. அடித்தாலோ எல்லோர் முன்னாலும் கேட்டாலோ ஒளிக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். "எடுத்தாயா?" என்ற கேள்வியே வேண்டாம். பயந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும்.

மூடி போட்ட ஒரு டப்பா வாங்கி அவன் பெயரை அவனையே எழுதச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகும்முன் நீங்களும் அவனுமாக அதை நிரப்புங்கள்: இரண்டு துண்டு ரொட்டி, ஒரு பழம், கெட்டுப்போகாத ஏதாவது. டப்பா அவன் தலைமாட்டில் இருக்கட்டும். காலையில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணாதீர்கள். பழையதை அவன் கண் முன்னே எடுத்துப் புதியதை வையுங்கள், காலியாக மட்டும் விடாதீர்கள். சில பிள்ளைகள் முதல் வாரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்கள். சிலர் தொடவே மாட்டார்கள், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்கள். ஒரு வீட்டில் இப்படி ஒரு பையன் ராத்திரியில் நாலு முறை மூடியைத் திறந்து பார்ப்பான் என்று வளர்ப்புத் தாய் சொன்னார். மூன்றாவது மாதம் ஒரு முறையாயிற்று. பிறகு ஒரு நாள் டப்பாவைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டு, "இதில் என் கலர் பென்சிலை வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டானாம். உங்கள் வீட்டில் அது ஆறு மாதமாகலாம், ஒரு வருடமும் ஆகலாம். விருந்தாளி வந்தால், பயணம் பற்றிப் பேச்செடுத்தால் பழக்கம் திரும்ப வரும். திகைக்க வேண்டாம். கூடவே ஒரு மருத்துவரிடம் காட்டி வயிற்றுப் பூச்சி, இரத்தசோகை இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அழுதுகொண்டே போன அந்தத் தாயைப் பற்றி.

நீங்கள் அவரிடம் எதையும் பறிக்க நினைக்கவில்லை, எனக்குத் தெரியும். அவர் பார்த்ததை அவர் இடத்தில் நின்று பாருங்கள். மகன் வளர்ந்திருக்கிறான், அவன் பேசும் மொழி பாதி புரியவில்லை, தான் பெற்ற பேரை இன்னொருத்தியைப் பார்த்துச் சொல்கிறான். திரும்பிப் போகும் வழியெல்லாம் அவர் என்ன நினைத்திருப்பார்? "என்னால் முடியாததைத்தானே அவர்கள் செய்கிறார்கள்" என்று நினைத்திருந்தால், அடுத்த முறை வரவே மாட்டார். பெற்றவர்கள் இப்படித்தான் மெல்ல மெல்லக் கழன்று போகிறார்கள். கடைசியில் நாம் "பெற்றோர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை" என்று எழுதி வைத்துவிடுகிறோம்.

டோனாவூரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இந்தியப் பெண்களை "அக்காள்" என்றும் வெளிநாட்டுப் பெண்களைச் "சித்தி" என்றும் அழைத்தார்கள். எமி கார்மைக்கேலை அம்மா என்றார்கள். பெரும்பாலும் திரும்பிப் போக வீடு இல்லாத பிள்ளைகள் அவர்கள். உங்களிடம் இருக்கும் மூவருக்கு வீட்டில் அம்மா இருக்கிறார். அந்த ஊர் மொழியில் சித்திக்கும் அத்தைக்கும் சொல் இருக்கும். அதை அந்தத் தாயிடமே கேளுங்கள்: "என்னை என்னவென்று கூப்பிட்டால் உங்களுக்குச் சரியாக இருக்கும்?" அவர் சொல்லும் சொல்லை வீடு முழுவதும் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பையன் பழைய சொல்லையே சொன்னால் திருத்தித் திருத்திப் புண்படுத்த வேண்டாம், நீங்கள் உங்களைப் பற்றிப் பேசும்போது புதுச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருங்கள், போதும். அவன் ஊருக்குப் போகமாட்டேன் என்பதை உங்கள் வளர்ப்புக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் வீட்டைப் பார்க்க வெட்கப்படத் தொடங்கியிருக்கிறான். முதல் முறை நீங்களே அவனோடு போங்கள். அவன் அம்மா கையால் போட்டதை அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள்.

பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்ற வீட்டில் ஒரு மொழி, அந்த நாட்டில் பொதுவாக ஒரு மொழி, உங்கள் வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவில் நிற்கிற பிள்ளை, ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு "என்ன வாசித்தாய்?" என்றால் விழிக்கும். சோதித்துப் பாருங்கள். முதல் எழுத்தறிவுக்குத் தாய்மொழியே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லியாயிற்று. அதைவிடப் பெரிய கவலை சான்றிதழ். நீங்கள் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும், அந்த நாட்டின் தேர்வை எழுதாத பிள்ளைக்குப் பதினாறு வயதில் கையில் ஒன்றும் இருக்காது. ஐந்து பேரையும் உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். உங்கள் வகுப்பு மாலையில் பாடத்துக்குத் துணையாக இருக்கட்டும். பகல் பொழுது உங்களுக்கும் கையில் கிடைக்கும்.

குடும்ப ஜெபம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு, வீட்டைப் பிரிந்து வளரும் குழந்தைக்கு இடம் தேடும்போது அதன் மொழி, மதம், பண்பாடு ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத வேண்டும் என்கிறது. உங்கள் விசுவாசத்தை நீங்கள் ஒளித்துவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாப்பாடும் படிப்பும் படுக்கையும் உங்கள் கையில் இருக்கும்போது, ஏழு வயதுப் பிள்ளை சொல்லும் "ஆமென்" எதிலிருந்து வருகிறது என்று உங்களாலும் அறிய முடியாது, அதனாலும் அறிய முடியாது. பெற்றோரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஜெப நேரத்தில் உட்காராத பிள்ளைக்கு அன்றைக்கு முகம் வாடக் கூடாது; உங்கள் முகத்தைச் சொல்கிறேன்.

உங்களைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதங்களில் இந்தப் பிள்ளைகளின் படங்கள் போகின்றனவா? பல வருடத்துக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் மடித்த தாள் ஒன்றைக் காட்டினார். அவருடைய ஆறு வயதுப் படம், அதன் கீழே "தாயால் கைவிடப்பட்டவன்" என்ற வரி. அவருடைய தாய் அவரைக் கைவிடவில்லை. நோயில் கிடந்தபோது ஒரு வருடத்துக்கென்று ஒப்படைத்தார். "இதை எத்தனை பேர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. முகமும் பெயரும் குடும்பக் கதையும் இனி வெளியே போக வேண்டாம். ஏற்கனவே போனதை எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

இப்போது கட்டடம். வேண்டாம் என்று சபைக்கு எழுதுங்கள். நன்றியோடு எழுதுங்கள், ஆனால் தெளிவாக. 2009-இல் வந்த ஐ.நா. மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தை நல அமைப்பு அதே 2009-இல் எழுதியது. கட்டடம் எழும்பினால் அதை நிரப்பப் பிள்ளைகளைத் தேட வேண்டிவரும். தேடினால் ஏழை வீடுகளில் கிடைப்பார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி வருடக்கணக்காகக் கவனித்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும், பேச்சிலும், மனிதரோடு ஒட்டுவதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். கட்டடத்தில் பிள்ளைக்குக் கூரை கிடைக்கும், முறை வைத்து மாறும் ஊழியர்கள் கிடைப்பார்கள். அழும்போது தேடும் முகம் நாளைக்கும் அதே முகமாக இருக்கும் என்ற உறுதி கிடைக்காது. இருபது பேர் என்று ஆனால் உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் கொஞ்சமும் போய்விடும். ஏழு பேருக்கே நீங்கள் போதவில்லை என்று ஒருத்தி எழுதிவைத்துவிட்டாளே.

கூடவே ஒரு கேள்வி: அந்த நாட்டுக் குழந்தை நலத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? பெற்றோர் வாயால் சம்மதித்தது போதாது. அயல்நாட்டவர் பிறர் பிள்ளைகளைப் பதிவில்லாமல் வீட்டில் வைத்திருப்பது வழக்கு வரைக்கும் போகலாம். அன்றைக்கு உங்கள் மனசு எவ்வளவு சுத்தம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். உள்ளூர்ச் சமூகப் பணியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இதை முதலில் சரிசெய்யுங்கள். இனி நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அவர் துணை வேண்டும்.

விடுப்பை நீங்கள் பிரச்சினையாகப் பார்க்கிறீர்கள், நான் அதை ஒரு கெடுவாகப் பார்க்கிறேன். மலைக்கிராமத்து மூன்று பிள்ளைகளும் அதற்குள் தங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆறு மாதத்துக்கென்று அல்ல, நிரந்தரமாக. இல்லத்துக்கென்று சபை ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு போதும். அவர்கள் ஊரிலிருந்து பள்ளிக்குப் போய்வர வண்டிச் செலவு, கட்டணம், புத்தகம், வீட்டில் ஒரு நேரம் கூடுதலாக அடுப்பு எரிய வழி எல்லாவற்றுக்கும். தினமும் போய்வர முடியாத தூரமானால், அவர்கள் உறவில் யாராவது பள்ளிக்கு அருகில் இருக்கிறார்களா என்று பாருங்கள். மெதுவாகச் செய்யுங்கள்: முதலில் வார இறுதி, பிறகு விடுமுறை முழுவதும், பிறகு வீடு. சில நாள் உங்கள் மனம் கனக்கும். நான்கு வருடம் தலைசீவி விட்ட பிள்ளையை அனுப்புவது சாதாரணமில்லை. அந்தத் துக்கத்தைப் பாவமாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அக்காவும் தம்பியும்தான் கடினம். அவர்களைப் பிரிக்கவே கூடாது. தகப்பனைத் தேட சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். பாட்டியால் முடியுமா, தாய்வழியில் பெரியம்மா மாமா யாராவது உண்டா என்று பாருங்கள். யாரும் இல்லையென்றால் அந்த நாட்டுச் சட்டப்படி நீங்களே வளர்ப்புப் பெற்றோராகப் பதிவாகும் வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அப்படியானால் நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பம் என்பதை உங்கள் மகளும் மகனும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் விடுப்புக் காலத்தில் அந்த இருவரும் யாரோடு இருப்பார்கள் என்பதை இப்போதே தீர்மானித்து, அந்த மனிதரை மூன்று மாதம் முன்பே வீட்டுக்கு வந்து பழக வையுங்கள். ஒரு நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, போகும் நாளையும் வரும் நாளையும் தம்பி கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். நிச்சயமில்லாத தேதியைச் சொல்லாதீர்கள். ரொட்டி டப்பா அவனோடு போக வேண்டும்.

பாட்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு புது நோட்டு கொண்டுபோங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்களுடைய அம்மாவின் பெயர் என்ன, எப்படிச் சிரிப்பார், இவன் பிறந்த அன்று மழையா வெயிலா, அக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்று பாட்டியிடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அவர்கள் மொழியிலேயே அந்த அக்காவை எழுதச் சொல்லுங்கள். எழுத்து வராத இடத்தில் உள்ளூர் ஆசிரியர் யாராவது உதவட்டும். நோட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகளுக்குக் கொடுத்தது போலவே பூட்டும் சாவியும் உள்ள இன்னொரு பெட்டி வாங்கி, அதில் வைத்து, சாவியை அந்த அக்கா கையில் கொடுத்துவிடுங்கள்.